வெட்டு வீட்டுக்குக் கதவு எதற்கு?

விசிலக்கா தன் வீட்டைத் தானே இடித்துத் தள்ளிவிட்டு, அதைக் காட்டி அரசாங்கத்திடம் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிவிட்டாள். மகளை அங்கே குடிவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வாய்க்கால் ஓரத் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் செய்தி. டீக்கடையில் விசாரித்தால் தையல்காரர் சொன்னார் என்கிறார்கள். தையல்காரரைக் கேட்டால், வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே, தண்ணி லாரிக்காரன் சொன்னான் என்கிறார். லாரிக்காரன் ஸ்டியரிங்கில் அடித்துச் சத்தியம் செய்கிறான்: "நான் எங்க சொன்னேன்? டீக்கடையில பேசிக்கிட்டாங்க, காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்." ஆக, செய்தி ஒரு சுற்று சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

சரிபார்த்ததில் பாதிக்குமேல் உண்மை. வீட்டை இடித்தது அவள்தான். மகள் இப்போது அவளோடு இல்லை என்பதும் சரி. அடுக்குமாடி மட்டும் பொய். வதந்தி என்றால் கொஞ்சமாவது நல்லது நடந்ததாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

அவளுக்குப் பிளாஸ்டிக் குடோனில் வேலை. மூட்டை மூட்டையாக வருவதைக் கெட்டி, மெலிசு, கவர், மூடி என்று பிரித்துப் போட வேண்டும். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள் என்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாய் எழுந்து நிற்கும். சரக்கு லாரி ஓட்டிய புருஷன், "நீ விசிலடிச்சா ஊரே என்னைத் திரும்பிப் பார்க்குது, மானம் போகுது" என்று சொல்லிவிட்டு ஒருநாள் போனவன்தான். போனது வேறொருத்திக்காக. காரணம் சொல்ல விசில் வசதியாக இருந்தது. அப்போது மகள் தொட்டிலில் கிடந்தாள். இப்போது அவள் தையல் கம்பெனியில் காலர் வைக்கிறாள், அம்மாவைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள்.

தெரு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். கையை விரித்தால் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரிலும் இடிக்கும். சுவர் என்பதும் மரியாதைதான்: பலகை, தகரம், தார்ப்பாய், யாரோ தேர்தலில் தோற்றுப்போனவரின் சிரித்த முகம் போட்ட பேனர். மேல்கோடியில் மின்கம்பம், நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், கீழ்க்கோடியில் குடோன். முன்பு ஒருமுறை தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டி தெருமுனை வரை வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டு நின்றது. பாதித் தெரு எரிந்தது. பிறகு வந்த அதிகாரி, "இவ்வளவு நெருக்கமா கட்டலாமா?" என்று கேட்டார். இடம் தருகிறாரா என்று திருப்பிக் கேட்டதற்கு, அது வேறு துறை என்றார்.

அதற்குப் பிறகுதான் குழாயடிச் சங்கம். பதிவும் கிடையாது, பலகையும் கிடையாது. தண்ணீர் வரக் காத்திருக்கும் பெண்கள்தான் சங்கம். தண்ணீர் வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது. யோசனை விசிலக்காவுடையது. தீ பலகை விட்டுப் பலகை தாவித்தான் வருகிறது. நடுவில் ஒரு வீட்டை நாமே பிடுங்கிப் போட்டுவிட்டால் தாவ இடம் இருக்காது. தீ வந்த பிறகு யார் வீடு என்று பஞ்சாயத்து பண்ண நேரமில்லை. இப்போதே ஒரு வீட்டைச் சொல்லி வைத்துவிட வேண்டும். அதற்கு வெட்டு வீடு என்று பேர்.

"நல்ல யோசனைதான். யார் வீடு?" என்றாள் இஸ்திரிக்காரரின் மனைவி. தெருவுக்கெல்லாம் அண்ணி.

எல்லோரும் அவரவர் குடத்தின் உள்ளே எதையோ தேடினார்கள்.

வெல்டர் அப்போது ஒண்டிக்கட்டை. குழாய்க்கு எதிரே தகர அறையில் இருந்தான். "என் வீட்டை வச்சுக்குங்க. உள்ளே என்ன இருக்கு, ஒரு பாயும் ஒரு வாளியும்தானே" என்றான். தெருவே அவனைத் தெய்வம் மாதிரி பார்த்தது. சும்மா தியாகம் வேண்டாம் என்று சங்கம் பதில் மரியாதை செய்தது. ஒன்று, தினமும் அவன் குடம்தான் முதலில் நிறையும். அவன் வரிசையில் நிற்கவே வேண்டாம். இரண்டு, வெட்டு வீடு உடைந்தால் தெரு முழுக்கச் சேர்ந்து அதைத்தான் முதலில் கட்டும். மற்றவர்கள் வீடு எரிந்திருந்தாலும் சரி. கடப்பாறையைக் குழாய்க்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். வெயில் காலம் பிறக்கிறபோதெல்லாம் ஒத்திகை: விசிலக்கா ஊதுவாள், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி வருவார்கள், கடப்பாறை வெல்டர் வீட்டுத் தகரத்தைத் தொடும், "உடைச்சாச்சு!" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே கலைவார்கள்.

தண்ணீருக்கு நிற்காத மனிதனுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பது தெருவுக்கு அப்புறம்தான் புரிந்தது. காலையில் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனான். கூடுதல் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் செங்கல் வைத்தான். தார்ப்பாயைக் கழற்றிய அன்று பூச்சுப் பூசிய சுவரும், அவனே பற்றவைத்த இரும்பு கேட்டும் பளபளத்தன. கூரை மட்டும் பழைய தகரம். தெருவே போய்ப் பார்த்தது. வாழ்த்தியது. டீ குடித்தது. விசிலக்காவும் ஒரு டம்ளர் குடித்து, "வீடுன்னா இது வீடு" என்றாள்.

அவன் குடம் அதற்குப் பிறகும் முதலில்தான் நிறைந்தது. ஒத்திகையும் நடந்தது. அவள் ஊதினாள், ஓடி வந்தார்கள், பெயின்ட் உரிந்துவிடக் கூடாதே என்று கடப்பாறையில் துணி சுற்றிச் சுவரைப் பட்டும் படாமல் தொட்டார்கள். "உடைச்சாச்சு!" என்று கத்தினார்கள். வெல்டரின் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். ஒருவர் முகத்திலும் ஒரு சந்தேகம் ஓடவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு காலம் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருக்க ஒற்றுமை வேண்டும். அது அந்தத் தெருவில் நிறையவே இருந்தது.

இரண்டாவது தீ ஒரு மத்தியானம் வந்தது. கம்பத்திலிருந்து வீடுவீடாக இழுத்திருந்த ஒயர்களில் ஏதோ ஒன்றில் பொறி கிளம்பி, மேல்கோடி பிடித்துக்கொண்டது. விசிலக்கா குடோனில் மூடி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்து ஊதினாள். ஒத்திகையின்போது வந்ததைவிட வேகமாகவே வந்தார்கள். சங்கிலி கழன்றது. கடப்பாறை வெல்டர் வீட்டுச் சுவரில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் திரும்பி வந்து ஓங்கியவரின் முட்டியைப் பதம் பார்த்தது.

மறுபடி ஓங்கினார்கள். பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. வெல்டர் கேட்டைப் பூட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து கம்பிகளைப் பிடித்தபடி அழுதான். "அக்கா, செங்கல் எரியாது அக்கா. அதுவே தீயை நிறுத்திடும் அக்கா."

"கூரை மேல ஏறித் தாவுமேடா பாவி! அடுத்து வரிசையாப் பலகை. அப்புறம் குடோன்!"

"எல்லாம் போட்டுக் கட்டிட்டேன் அக்கா. இப்பப் போய் உடைங்கன்னா எப்படி?"

அந்தச் சுவரைப் பார்த்து "வீடுன்னா இது வீடு" என்று சொல்லி டீ குடித்தவள் அவளும்தான். கீழ்ப்பக்கம் அவன் சுவரை ஒட்டி அடுத்த வீடு அவளுடையது. அதை எடுத்துவிட்டால், செங்கலும் வெட்டவெளியுமாகச் சேர்த்து, தீ தாவ முடியாத இடைவெளி கிடைக்கும். உடைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும். கேட்டாள். வீட்டுக்காரி சரி என்றாள். கடப்பாறையைப் பிடுங்கி முதல் அடியை அவளே போட்டாள். பலகைச் சுவர் என்பதால், அத்தனை ஆட்களின் கை பட்டதும் சீட்டுக்கட்டு மாதிரி வந்துவிட்டது. துணிமணி, பாத்திரம், மகளின் தையல் மெஷின் எல்லாம் வாய்க்கால் கரைக்குப் போயின. தீ வெல்டர் வீட்டுக் கூரை வரை வந்து, தகரத்தைக் கறுக்க வைத்து, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அடங்கியது. கீழ்த்தெரு பிழைத்தது. குடோன் பிழைத்தது. வெல்டர் கேட்டைத் திறந்து வந்து அவள் காலில் விழப் பார்த்தான். "காலை விடு. முதல்ல போய்த் தண்ணி ஊத்து" என்றாள்.

மறுநாள் நிவாரணத்துக்கு ஆள் வந்தது. எரிந்த வீட்டுக் கம்பத்தில் சிவப்புப் பெயின்டில் குறி போட வேண்டும். குறி இருந்தால் கூரை ஷீட்டு. பெயின்ட் டப்பாவோடு வந்தவர் அவளுடைய பலகைக் குவியலுக்கு முன்னால் நின்று மோந்து பார்த்தார்.

"இது எரிஞ்ச மாதிரி தெரியலையேம்மா?"

"எரியலைங்க. உடைச்சோம்."

"யாரு உடைச்சது?"

"நான்தான்."

"உங்க வீட்டை நீங்களே உடைச்சுட்டு அரசாங்கத்தைக் கேட்டா எப்படிம்மா? எரிஞ்சிருந்தா குடுக்கலாம்."

"எரியாம இருக்கத்தாங்க உடைச்சோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எரியலை இல்ல?"

சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. கூரை கறுத்த வெல்டர் வீட்டுக்குக் குறி விழுந்தது. அண்ணி அவளைத் தனியாக இழுத்து, "ஏ விசிலு, உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பலகையைக் கொஞ்சம் கருக வச்சுக் காட்டியிருக்கக் கூடாது?" என்று கடிந்துகொண்டாள். தெருவே எரியாமலிருக்கத் தொண்டை கிழிய ஊதியவளுக்கு, அடுத்த நாள் தீப்பெட்டியைத் தேட வேண்டுமென்று தோன்றவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு என்று அன்று முழுக்க எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தாயும் மகளும் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தார்கள். மகள் ஒரே பேச்சாகப் பேசினாள். "ஊர்ல எல்லாரும் வீட்டைக் காப்பாத்த ஓடுவாங்க. நீ உடைக்க ஓடியிருக்கே. உன் சங்கம் கட்டித் தரும்ல? கட்டட்டும். கதவு போட்டு, தாழ்ப்பாள் வச்ச வீடா இருந்தா வர்றேன். இல்லேன்னா கம்பெனி ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன், போயிருவேன்."

"நம்ம சட்டமே இருக்குடி. உடைச்ச வீட்டைத்தான் முதல்ல கட்டணும்."

"உன் சட்டத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா?"

அப்புறம் தொண்டு நிறுவனத்திலிருந்து நல்லவர்கள் வந்தார்கள். அவர்களுடைய வண்டியும் தெருவுக்குள் நுழையவில்லை. வந்த மேடம், இந்த மக்களின் மீள்திறன் தன்னைச் சிலிர்க்க வைக்கிறது என்றார். விசிலக்காவுக்கு அந்த வார்த்தை புதிது. விளக்கினார்கள்: எவ்வளவு அடித்தாலும் எழுந்து நிற்பது. "அடிக்கிறதை நிறுத்தறதுக்கும் ஒரு வார்த்தை இருக்குங்களா?" என்று கேட்டாள். அதைக் குறித்துக்கொண்டார்கள், ரொம்ப ஆழமான கருத்து என்று. பிறகு, கடப்பாறையோடு படம் வேண்டுமென்றார்கள். இடிக்கிற மாதிரி நிற்கச் சொன்னார்கள். இடிக்க அங்கே வேறு எதுவும் நிற்கவில்லை என்பதால், வெல்டரின் செங்கல் சுவருக்கு எதிரே நிறுத்தினார்கள். அவளால் உடைக்க முடியாமல்போன ஒரே சுவர், அவள் உடைத்த சுவராகப் பல ஊர்களுக்குப் போனது.

மற்ற குடியிருப்புப் பெண்களுக்கு அவள் பயிற்சி தர வேண்டும் என்று குளிர்சாதன மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். போய்ப் பேசினாள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் மாட்டச் சுவர் இல்லை. "என் வீட்ல மாட்டிக்கலாம் அக்கா, பத்திரமா இருக்கும்" என்றான் வெல்டர். அங்கேதான் தொங்குகிறது.

அவள் மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்த நாட்களில் பலகைக் குவியலும் கரைந்திருந்தது. திரும்பி வந்து தெருவில் நடந்தபோது தன் வீட்டை அங்கங்கே பார்த்தாள். ஜன்னல் ஒரு வீட்டில் இருந்தது. சமையல் மூலையில் புகை படிந்த பலகை இன்னொரு வீட்டில், புகை பக்கம் வெளியே தெரிய. கூரைத் தகரம் ஒரு கோழிக்கூண்டு மேல். நீலக் கதவு அண்ணி வீட்டில். யாரும் திருடவில்லை, எல்லோரும் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஒருவரையொருவர் கேட்டார்கள்.

மறுநாள் குழாயடியில் அவள் ஊதவில்லை. குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "சட்டம் போட்டமே, ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் சட்டம் வெட்டு வீட்டுக்குத்தானே, வெட்டு வீடு வெல்டருடையதல்லவா, இது வேறு வீடல்லவா என்று ஒருத்தி இழுத்தாள். சட்டம் தெரிந்தவர்கள் அரசாங்கத்தில் மட்டும் இல்லை.

"அப்போ அவன் வீட்டை இப்ப உடைப்போமா? கடப்பாறை இருக்கு" என்றாள் விசிலக்கா.

வெல்டரின் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணிதான் வழி சொன்னாள். "சண்டை எதுக்கு? வெல்டர் வீடு இனிமே உடையாது. அவன் குடம் வரிசைக்கு வரட்டும். இனிமே விசிலு வீடே வெட்டு வீடா இருக்கட்டும். சுலபமா உடையுது, நாமதான் பார்த்தோமே."

கைதட்டல் எழுந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், ஏனென்றால் அது மட்டும்தான் வீடு திரும்பக் கிடைக்கிற வழி. வாக்குக் கொடுத்தபடி தெரு வந்தது. ஜன்னல் வந்தது, புகைப் பலகை வந்தது, கோழிக்கூண்டுக்காரர் முனகிக்கொண்டே தகரத்தைக் கொண்டுவந்தார். வெல்டர் தன் செங்கல் சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொள்ளச் சொன்னான். மற்ற மூன்று பக்கத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிறுத்திவிட்டார்கள். ஆணி அதிகம் அடிக்கவில்லை. "நல்லா இறுக்கி அடிங்கப்பா" என்று அவள் கெஞ்சியதற்கு, "எதுக்கு அக்கா, பிடுங்கறப்ப நமக்குத்தானே கஷ்டம்" என்றார்கள்.

கதவு மட்டும் வரவில்லை. அண்ணியின் வீட்டு முன்பக்கம் எரிந்துபோயிருந்தது. நிவாரணத்தில் ஷீட்டு வந்தது, கதவு வரவில்லை. அந்தத் திட்டத்தில் கதவே இல்லை. உள்ளே அண்ணியின் மகள் பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்தாள். "பிள்ளை உடம்பு கொஞ்சம் தேறட்டும், விசிலு. நானே தூக்கிட்டு வந்து மாட்டிடறேன்" என்றாள் அண்ணி. பிள்ளை பெற்றவளின் கதவைக் கழற்ற யாருக்குக் கை வரும்? விசிலக்கா தன் வாசலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

மகள் வந்து பார்த்தாள். போர்வையை ஒரு விரலால் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு விட்டாள். "இதுக்குள்ள நான் எப்படிம்மா தூங்கறது?" என்றாள். இந்த முறை அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் விசிலக்காவுக்குத் தாங்கவில்லை. தையல் மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மகள் ஹாஸ்டலுக்குப் போனாள்.

வெல்டர் இரும்புக் கதவு செய்து தருவதாக முன்வந்தான். மனசார வந்தான், அளவுகூட எடுத்தான். குழாயடிச் சங்கம் கூடி, கூடாது என்றது. "வெட்டு வீட்ல இரும்பா? போன தடவை பட்டது போதாதா?" என்று கேட்டார்கள். அவள் போட்ட சங்கம். பாடத்தைச் சரியாகவே படித்திருந்தது.

இப்போது தினமும் அவள் குடம்தான் முதலில் நிறைகிறது. ஒரு ஆளுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று தெரியாமல், பாதியை வாசலில் தெளித்து விடுகிறாள். அண்ணியின் பேரப்பிள்ளை தேறியது, தவழ்ந்தது, நடந்து வந்து அவள் போர்வையைப் பிடித்து ஊஞ்சலாடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் வருவாள், சாப்பிடுவாள், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். போன ஞாயிறு கிளம்பும்போது, "கதவு கேட்டியாம்மா?" என்றாள். "கேக்கறேன்டி" என்றாள் இவள். இதுவரை சாடை மாடையாகக் கேட்டதுதான். வாய் திறந்து கேட்டதில்லை.

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, அதே கையோடு அண்ணி வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. நீலத்தின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இன்னும் முழுக்கக் காயவில்லை. தாழ்ப்பாளுக்குக் கீழே, மகள் சின்ன வயதில் ஆணியால் கீறிய பூனை பச்சைக்குள்ளும் தெரிந்தது. தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து அண்ணியின் மகள் கேட்டாள்.

"நான்தாம்மா, விசிலு. கதவு விஷயமா வந்தேன்."

உள்ளே கொஞ்சம் குசுகுசுப்பு. பிள்ளை ஏதோ சொன்னது, அதன் வாயைப் பொத்தினார்கள். பிறகு பதில் வந்தது:

"அம்மா வெளிய போயிருக்காங்க, அத்தை. பெயின்ட் ஈரமா இருக்கு, தட்டாதீங்க. நாளைக்கு வாங்களேன்."

பச்சையாகிப்போன விரல் முட்டியைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.